கீழே தட்டான், மேலே ஊசித்தட்டான்

ராயபுரத்தில் சாபிரா எட்டிப் பார்க்காத தண்ணீர்த் தொட்டி ரொம்பக் குறைவு. வீடு தண்டையார்பேட்டையில். காலையில் மகள் உஸ்மாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினாளென்றால், காசிமேடு வரைக்கும் முந்நூறு வீடுகள் அவள் பொறுப்பு. கதவைத் தட்டி "கொசு டூட்டி" என்று ஒரு குரல் கொடுப்பாள். டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டி நிற்கும் தட்டு, மொட்டை மாடியில் யாரோ மறந்துபோன பெயிண்ட் டப்பா, எதையும் விடமாட்டாள். நீளப் பிடி போட்ட கரண்டியால் மொண்டு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றுவாள். கொசுப்புழு இருந்தால் அந்த வெள்ளையில் நெளியும். எண்ணி நோட்டில் எழுதி, மருந்து விட்டுவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் சைபர். வாசல் சுவரில் சாக்பீஸால் தேதி. அடுத்த வீடு.

நாலு வருஷத்துக்கு முன்னால் உஸ்மாவுக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே சாபிரா வீட்டிலிருந்த எல்லா பாத்திரத்தையும் கவிழ்த்தாள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். தெருவே பேஜாராகிப் போனது. அடுத்த மாதம் கொசு ஒழிப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். அவளுக்கு அது வேலை மட்டும் இல்லை. ஒரு வீட்டுக்கு அவள் சைபர் போட்டால், அந்த வீட்டுப் பிள்ளைகள் தூங்கலாம் என்று அர்த்தம்.

இந்த நவம்பரில் பிரச்சினையே அந்த சைபரால்தான் வந்தது.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டு இருக்கிறது. எட்டு வீடுகள். ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனி நடந்த இடம் என்பதால் நடுவில் இடுப்பளவு சுவர் வைத்த பெரிய சிமெண்டுத் தொட்டி. மூடி கிடையாது. மழைத் தண்ணீர் நிரம்பி, ஓரமெல்லாம் பாசியும் கோரையும் மண்டிக் கிடக்கும். குடிப்பதற்கு இல்லை; துணி அலச, கக்கூஸுக்கு ஊற்ற, எட்டு வீட்டுக்கும் அதுதான். காம்பவுண்டுக்கு அடைக்கலமேரிதான் எல்லாம். ஐம்பத்தைந்து வயது இருக்கும், மீன் ஏலத்துக்குப் போகிறவர், குரல் எழும்பினால் லாரி ஹாரன் அடங்கும். அவர் மகன் வில்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

அந்தத் தெருவில் பத்து வீட்டுக்கு ஐந்து வீட்டில் புழு. அந்தத் திறந்த தொட்டியில் மட்டும் நாலு வாரமாக சைபர். சாபிரா வாரா வாரம் மொண்டு பார்த்துத்தான் எழுதினாள். ஏன் இல்லை என்று அவள் யோசிக்கவில்லை. இல்லாத புழுவைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

சூப்பர்வைசர் ஞானதுரை யோசித்தார். இந்த வேலையில் ஒரு பழைய திருட்டுத்தனம் உண்டு. வீட்டுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்தே நோட்டு பூரா சைபர் போட்டுவிடுவது. போன வருஷம் அப்படி எழுதிய இரண்டு பேரை அவர் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை சாபிராவின் நோட்டைப் புரட்டினவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மூடி இல்லாத தொட்டி. நாலு வாரமா சைபர். கேக்க எனக்கே சங்கடமா இருக்கும்மா. உள்ள போய்ப் பாத்துதான் எழுதினீங்களா?"

பார்த்துத்தான் என்று அவள் சொன்னாள். சொன்ன வேகத்திலேயே அது பொய் மாதிரி ஒலித்தது. சனிக்கிழமை தானே வந்து மொண்டு பார்ப்பதாக ஞானதுரை சொன்னார். புழு இருந்து நாலு சைபரும் பொய் என்று ஆனால் தொட்டியை இடித்து மண் போட்டு மூடச் சொல்வார். சாபிராவும் அதற்கப்புறம் வர வேண்டியதில்லை.

விஷயம் தெரிந்ததும் அடைக்கலமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "தொட்டிய ஒட்ச்சிட்டா எட்டு வூட்டு ஜனமும் கொடத்த தூக்கிகினு எங்கம்மே போவும்? உன் ஆபீசருக்கு வூட்ல பைப்புல தண்ணி வருது போல."

வேலை போவது பெரிய விஷயம்தான். ஆனால் சாபிராவை உறுத்தியது அது இல்லை. தன் சைபரை ஒருத்தர் பொய் என்று நினைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை டூட்டி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. தொட்டிச் சுவரில் குந்தி, வாழ்க்கையில் முதல் தடவையாக, புழுவைத் தேடாமல் தண்ணீரைப் பார்த்தாள்.

முதலில் கண்ணில் பட்டது மேலே பறந்தவை. தட்டான் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அரை மணி நேரம் அசையாமல் பார்த்திருக்கிறோமா? ஒரு பெரிய மஞ்சள் தட்டான் தொட்டிக்கு மேலே ரோந்து போய்க்கொண்டே இருந்தது. தலை முழுக்கக் கண். இரண்டு கண்ணும் நடுவில் ஒட்டியே போயிருந்தன. ஒரு கொசு குறுக்கே வந்தது. தட்டான் அதைத் துரத்தவில்லை. அது எங்கே போகப்போகிறதோ அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய், ஆறு காலையும் கூடை மாதிரி குவித்து அள்ளிக்கொண்டு போனது. பறந்தபடியே தின்றது. தவறியதை அவள் பார்க்கவே இல்லை.

கோரைக்குள் இன்னொன்று இருந்தது. ஊசித்தட்டான். நீலமாக, நூல் கனத்தில். பெரியது உட்கார்ந்தால் நாலு இறக்கையையும் விரித்தபடியே உட்காரும். இது இரண்டு கையையும் கூப்புகிற மாதிரி முதுகில் மடித்துக்கொள்ளும். கண்கள் தலையின் இரண்டு ஓரத்தில், ஒன்றுக்கொன்று பேசாத சம்பந்திகள் மாதிரி தள்ளித் தள்ளி. பறக்கவே தெம்பில்லாததுபோல் புல்லுக்குப் புல் தத்தித் தத்திப் போனது. பாவம், இது எதைப் பிடிக்கப் போகிறது என்று அவள் நினைத்த அதே நேரத்தில் அது இலையில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியைப் பூப்பறிப்பதுபோல் பறித்துக்கொண்டது. ஒன்று வானத்தில் வேட்டையாடுகிறது, இன்னொன்று புல்லில் பொறுக்குகிறது.

அப்புறம் கரண்டியை அடிவரைக்கும் விட்டு மொண்டாள். தட்டில் ஒரு பிடி சேறு விழுந்தது. அந்தச் சேற்றில் ஒரு துண்டு எழுந்து நடந்தது.

சாபிரா தட்டுக்கு மேல் குனிந்தாள். கட்டைவிரல் நகம் அளவு, தடித்த உடம்பு, சேற்று நிறம், ஆறு கால். விரலை நீட்டியதும் பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சி, பீய்ச்சிய வேகத்தில் முன்னால் பாய்ந்தது. பாசிப்பக்கம் மொண்டபோது வேறொன்று வந்தது. விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துப் போட்டதுபோல் ஒல்லி. வால் முனையில் மூன்று சின்ன இலைகள். இடுப்பை ஆட்டி ஆட்டி மீன்குஞ்சு மாதிரி நீந்தியது. தடியனின் முதுகிலும் ஒல்லியின் முதுகிலும் மடித்து வைத்த குட்டி இறக்கைகள் மொட்டு மாதிரி இருந்தன. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மேலே பறப்பவற்றின் பிள்ளைகள்தான் இவை.

இந்த இரண்டையும் அவள் நாலு வருஷமாகத் தட்டில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கலீஜ் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஒரு டிரம்மிலிருந்து கொசுப்புழு மொண்டு வந்து, இரண்டு பாட்டிலில் இருபது இருபதாக விட்டாள். ஒன்றில் தட்டான் குட்டி, இன்னொன்றில் ஊசித்தட்டான் குட்டி. அடைக்கலமேரி வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போனாள். மதியம் திரும்பி வந்தால் தடியன் பாட்டிலில் ஒரு புழுகூட இல்லை. ஒல்லி பாட்டிலில் ஒன்பது மிச்சம். வில்சன் பாட்டிலுக்கு மூக்கு ஒட்ட உட்கார்ந்திருந்தான்.

"இன்னாக்கா, ரெண்டு பேருக்கும் பிரியாணி போட்டு இட்டுகினு வந்துகிற. குண்டன் பந்தில மொதல்ல குந்தினான், சட்டியவே காலி பண்ட்டான்."

எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தாயா என்று அவள் கேட்டாள். பத்து தடவை பார்த்தும் தெரியவில்லை என்றான் வில்சன். சாபிரா குந்திப் பார்த்தாள். ஒல்லிக்குட்டி பாசிக்குச்சியில் அசையாமல் ஒட்டியிருந்தது. ஒரு புழு நெளிந்து ஒரு விரல்கடை தூரத்தில் வந்தது. குட்டி நகரவே இல்லை. ஆனால் புழு அதன் வாயில் இருந்தது.

ஏழெட்டுத் தடவைக்கு அப்புறம்தான் பிடிபட்டது. முகத்துக்கு அடியில், தாடையைச் சேர்ந்தாற்போல், முழங்கையில் மடக்கிய கை மாதிரி ஒன்று மடித்து வைத்திருக்கிறது. முனையில் கொக்கிகள். புழு எட்டுகிற தூரத்துக்கு வந்ததும் அந்தக் கை வெளியே பாய்ந்து, கவ்வி, திரும்ப மடங்கிவிடுகிறது. பெரியதுக்கும் அதே கை, சின்னதுக்கும் அதே கை. உருவத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும், அந்தக் கை மட்டும் அப்படியே ஒன்று.

"நான் ஒரு பொட்டிய எறக்க நாலு நிமிசம் ஆவுது," என்றான் வில்சன். கிண்டல் குரலிலிருந்து போயிருந்தது. "இது கண்ண சிமிட்ட வுடல."

அப்புறம் அவள் ஒரு தப்புச் செய்தாள். இரண்டையும் ஒரே பாட்டிலில் விட்டாள். தடியன் ஒல்லியைத் தின்றுவிட்டது. சாபிராவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பிறகு அந்த அழுகைக்குள்ளேயே கேள்வியும் வந்தது. அப்படியானால் தொட்டியில் இரண்டும் எப்படி வாழ்கின்றன? பக்கம் பக்கமாக மொண்டு பார்த்தாள். தடியன்கள் அத்தனையும் தரையில், சேற்றோடு சேறாக. ஒல்லிகள் அத்தனையும் மேலே, பாசித்தண்டிலும் கோரையிலும். ஒரே தொட்டி, இரண்டு மாடி. கொசுப்புழு மூச்சு வாங்க மேலே வந்து தொங்கியாக வேண்டும், அங்கே ஊசித்தட்டான் குட்டி. நிழல் பட்டுப் பயந்து கீழே முங்கினால், அங்கே தட்டான் குட்டி. தப்பித்து வளர்ந்து இறக்கை முளைத்து எழும்பினால், வானத்தில் அவற்றின் அப்பா அம்மா. அவள் போட்ட நாலு சைபரும் அவள் போட்டதில்லை. இந்த இரண்டு கூட்டமும் போட்டது. அவள் எழுதினாள், அவ்வளவுதான்.

ஞானதுரையிடம் போய் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை தட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இந்தக் கதையெல்லாம் செல்லக்கனிக்குத் தெரியாது. செல்லக்கனி பக்கத்து ஏரியாவில் அதே கொசு டூட்டி பார்க்கிறவள், சாபிராவுக்கு உயிர்த் தோழி. தோழிக்கு வேலை போகப்போகிறது என்பது மட்டும் காதில் விழுந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல், அந்தத் தொட்டியில் ஆயில் உருண்டை போட்டுவிட்டுப் போனாள். மரத்தூளைச் சின்ன மூட்டையாகக் கட்டிக் கழிவு ஆயிலில் ஊறவைத்து, சாக்கடையில் போடுவார்களே, அது. ஆயில் மெல்லக் கசிந்து தண்ணீர் மேல் படலமாகப் பரவும்; மூச்சு வாங்க முடியாமல் புழு சாகும். கொசு வேலை பார்க்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய உதவி.

வெள்ளிக்கிழமை காலையில் சாபிரா வந்தபோது தொட்டி முழுக்க வானவில் மிதந்தது.

அதன் நடுவே ஒரு தட்டான். அன்றைக்குத்தான் தோல் உரித்து வெளியே வந்திருக்கிறது, உடம்பு இன்னும் வெளுப்பாகவே இருந்தது. நாலு இறக்கையும் ஆயிலில் ஒட்டிக்கொண்டிருந்தன. கோரைப் பக்கம் ஒல்லிக் குட்டிகள் செத்து மிதந்தன. வாலின் மூன்று இலைகளும் ஒன்றோடொன்று பசைபோட்டதுபோல் ஒட்டிப்போயிருந்தன. பதினேழு எண்ணினாள். அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

போன் போட்டதும் செல்லக்கனி ஓடி வந்தாள். தான்தான் போட்டேன் என்று பெருமையாகவே ஒப்புக்கொண்டாள். சாபிராவின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

"உன் வேலைய காப்பாத்ததான்க்கா போட்டேன். நாளைக்கு அந்தாளு எத்தினி வாட்டி மொண்டாலும் ஒரு புயு வராது. சைபருதான். அப்பால இன்னா?"

யோசித்துப் பாருங்கள், அவள் சொன்னது நிஜம். சும்மா இருந்தாலே போதும். ஆயில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டால் சாபிராவின் வேலைக்கு ஆபத்தில்லை, தொட்டிக்கும் ஆபத்தில்லை. ஆயிலை எடுத்தால்தான் வம்பு. குட்டிகள் பாதி செத்துவிட்டன. மிச்சத்தால் காவல் காக்க முடியுமோ என்னவோ. நாளைக்குத் தட்டில் ஒரு புழு நெளிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

சாபிரா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அது ஆயிலு போட்ட சைபரு," என்றாள். "என்னுது இல்ல."

ஆயிலை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. வில்சனுக்குத் தெரியும். எண்ணூர்க் கடலில் எண்ணெய் கொட்டிய வருஷம் வாளி வாளியாக அள்ளின பையன்களில் அவனும் ஒருவன். வாளியை ஓரங்கட்டிவிட்டுப் பழைய பேப்பர் கேட்டான். எட்டு வீட்டிலிருந்தும் கட்டுக் கட்டாக வந்தது. ஒவ்வொரு தாளாக விரித்துத் தண்ணீர்மேல் படுக்க வைத்து, ஆயில் ஊறியதும் நுனியைப் பிடித்து அலுங்காமல் தூக்க வேண்டும். வேகமாக இழுத்தால் ஆயில் திரும்ப விழும். செல்லக்கனி அழுதுகொண்டே தாள் விரித்தாள். அடைக்கலமேரி ஏலத்துக்குப் போகாமல் தாள் தூக்கினார். பூச்சிக்காக ஒரு நாள் பொழப்பு பூட்ச்சே என்று ஊருக்கே கேட்கத் திட்டிக்கொண்டே, மிதந்த தட்டானை விரல் நுனியால் எடுத்து வெயில் படும் சுவரில் வைத்தார். அது எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதைக் கோரைக்கு அடியில் போட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீரில் வானம் மட்டும் தெரிந்தது. சாபிரா அடிச்சேற்றை மொண்டு தட்டில் ஊற்றினாள். சேறு கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஒரு துண்டு எழுந்து நடந்தது.

சனிக்கிழமை ஞானதுரை தன் கரண்டியோடு வந்தார். எட்டு வீட்டு ஜனமும் சுற்றி நின்றது. பத்து இடத்தில் மொள்ள வேண்டும். முதல் மொண்டதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் சேறும் ஒரு தடியனும். ஞானதுரை குனிந்து பார்த்துவிட்டு அடுத்ததை மொண்டார். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதும் வெறும் தண்ணீர். அடைக்கலமேரி சிலுவை போட்டுக்கொண்டார்.

பத்தாவதைக் கோரை ஓரத்தில், குட்டிகள் நிறையச் செத்த பக்கத்தில் மொண்டார். தட்டில் ஊற்றியதும் ஒரு கொசுப்புழு நெளிந்தது.

லாரிகூட ஹாரன் அடிக்கவில்லை என்றுதான் சாபிராவுக்கு இன்றைக்கும் ஞாபகம். புழு வெள்ளைத் தட்டின் நடுவில் மடங்கி நிமிர்ந்தது. அதே தட்டின் ஓரத்தில் பாசித்துண்டு ஒன்று கிடந்தது. பாசியோடு சேர்ந்து வந்த ஒரு குச்சி. குச்சியின் முனையில் மூன்று இலை. புழு நெளிந்து நெளிந்து அந்தப் பக்கம் போனது. குச்சி நகரவே இல்லை.

அப்புறம் தட்டில் புழு இல்லை.

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். குட்டி நிதானமாக மென்றுகொண்டிருந்தது. பிறகு சாபிராவின் பக்கம் திரும்பினார்.

"இப்ப நான் என்னம்மா எழுதறது?"

அடைக்கலமேரி முந்திக்கொண்டார். "அதான் உன் கண்ணெதிர துன்னுடுச்சே நைனா. சைபருதான். போடு."

"ஒண்ணுன்னு எழுதுங்க சார்," என்றாள் சாபிரா. "மொண்டப்போ இருந்துச்சி."

செல்லக்கனி அவள் கையைக் கிள்ளினாள். சாபிரா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆயில் விழுந்ததையும், அதை எடுத்ததையும், எந்தப் பக்கம் குட்டிகள் நிறையச் செத்தன என்பதையும் சொன்னாள். யார் போட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஞானதுரை நோட்டை வாங்கி அன்றைய தேதிக்கு நேரே ஒன்று என்று எழுதினார். பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பினார். நாலு வாரம், நாலு சைபர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தார். நாலாவது கையெழுத்தின்போது சாபிரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை சாபிராவே திரும்ப மொண்டு பார்த்து எழுதட்டும், அதுவரைக்கும் இந்தத் தொட்டியில் யாரும் எதையும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஞானதுரை கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து பதினோராவது தடவை மொண்டார். அது டூட்டிக்காக இல்லை. ஒரு தடியனைத் தட்டில் விட்டு, அது பின்பக்கத்தால் தண்ணீர் பீய்ச்சி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றார்.

அந்த அடுத்த சனிக்கிழமை சாபிரா ஆறரை மணிக்கே வந்துவிட்டாள். ராயபுரம் கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. ஒரே கோரைத் தண்டில் இரண்டு காலித் தோல்கள், ஒன்று தடி, ஒன்று ஒல்லி. முதுகில் கிழிசலோடு, அந்த மடக்குக் கை உட்பட எல்லாம் அச்சு மாதிரி அப்படியே. மேலே தட்டான் புதுசாக உட்கார்ந்திருந்தது, இனி எப்போதும் மடிக்கப்போகாத நாலு இறக்கையை விரித்து. ஒரு சாண் கீழே ஊசித்தட்டான், இறக்கையை முதுகில் மூடிக்கொண்டு. நேற்றுவரை தண்ணீருக்குள் மாடிக்கொருவராக இருந்தவர்கள். வெயில் ஏற ஏறப் பெரியதன் இறக்கை நடுங்கியது. சட்டென்று எழும்பிக் கன்டெய்னர் லாரிகளுக்கு மேலே போய்விட்டது. சின்னது பக்கத்துப் புல்லுக்குத் தத்திப் போனது. அதற்கு அவ்வளவு தூரமே போதும்.

சாபிரா பத்து இடத்தில் மொண்டு பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து சைபர் போட்டாள். மெதுவாக, வட்டம் கோணாமல். வாசல் சுவரில் தேதி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.